டிசம்பரில் டிராக்கன்ஸ்பர்க் போகலாமா?

கேள்வி (கோவை வாசகி): டிசம்பர் லீவில் டர்பனில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறோம். அப்படியே தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில் நாலு நாள் நடந்து, எலும்பு தின்னும் தாடிக் கழுகையும் பார்த்துவிட ஆசை. எனக்கு முழங்கால் வலி உண்டு. சரிப்பட்டு வருமா?

பதில்: வரும். ஆனால் கழுகுதான் முக்கியம் என்றால் பயணத்தை ஜூன், ஜூலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே டிசம்பர்தான் கோடை, மழைக்காலமும் அதுவே; காலையில் பளிச்சென்று இருக்கும் வானம் மத்தியானத்துக்கு மேல் கறுத்து இடி மின்னலோடு கொட்டும், ஒதுங்க இடமில்லாத புல்மேட்டில் அப்போது மாட்டிக்கொள்ளக் கூடாது. டிசம்பரில்தான் முடியும் என்றால் விடியும்போதே கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுங்கள்.

அந்த மலையில் ஜயன்ட்ஸ் காசில் என்ற காப்பகத்தில், மலைவிளிம்பில், கழுகு பார்க்க ஒரு மறைவுக் குடில் இருக்கிறது. வெளியே எலும்பு போட்டு வைத்துவிட்டு உள்ளே வாய் பேசாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். குளிர்காலம்தான் இதற்குத் தோது, முன்பதிவு கட்டாயம். முதலில் அண்டங்காக்கைகள்தான் வந்து சண்டை போடும், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிதாக ஏதாவது வட்டமிட்டால் வாலைப் பாருங்கள்: குட்டையாக இருந்தால் கேப் பாறு என்ற வேறு கழுகு, நீண்டு ஆப்பு மாதிரி கூம்பியிருந்தால் நீங்கள் தேடிப் போனதேதான். அதன் மார்பில் தெரியும் செங்காவி பிறவி நிறமல்ல, இரும்புச்சத்துள்ள சேற்றில் புரண்டு தானே பூசிக்கொள்வது! பெரிய எலும்பு கிடைத்தால் உயரத் தூக்கிப்போய்ப் பாறையில் போட்டு உடைத்துத் தின்னும்.

முழங்காலுக்கு வருவோம். ஆம்பிதியேட்டர் என்ற பெரிய பாறைச் சுவரின் உச்சிக்குப் போய் 948 மீட்டர் துகேலா அருவியை மேலிருந்து பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அந்த வழியில் செங்குத்துப் பாறையில் சங்கிலி ஏணி ஏற வேண்டும், உங்களுக்கு வேண்டாம். அதற்குப் பதில் சானி கணவாய். ஃபோர் வீல் டிரைவ் வண்டியே 2,874 மீட்டர் வரை ஏற்றிவிடும், மேலே நிதானமாக நடந்தால் போதும். வயிறு ஆரஞ்சு நிறத்தில் பாறைக்குப் பாறை தத்தி ஓடும் டிராக்கன்ஸ்பர்க் ராக்ஜம்பர் என்ற பறவை அங்கே கண்ணில் படும், இந்த மலைப்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. ஒன்று, கணவாய் உச்சி லெசோத்தோ நாடு. திரும்பித் தென்னாப்பிரிக்காவுக்குள் வர மல்டிபிள் என்ட்ரி விசா வேண்டும், லெசோத்தோ விசாவையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): தென்னாப்பிரிக்காவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டுமா?

பதில்: இந்தியாவிலிருந்து நேராகவோ துபாய் வழியாகவோ போனால் வேண்டாம். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும், டிக்கெட் போடும்போதே யோசியுங்கள்.