எழவு வீட்டில் வரும் காதல்: இளையோர் நாவல்கள், கேள்வி பதில்

பள்ளி நூலகத்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சாவு, குடும்பம், முதல் காதல் மூன்றும் ஒன்றாக வரும் ஆங்கில இளையோர் நாவல்களைத்தான் பிள்ளைகள் எடுத்துப் போய் அவ்வளவு லேசில் திருப்பித் தருவதில்லை. அவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கதை முடிவைச் சொல்லாமல் இருக்கப் பார்த்திருக்கிறேன். ஓரிரு இடத்தில் வாய் தவறியிருக்கலாம், மன்னியுங்கள்.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. பாட்டி போனதிலிருந்து இரவெல்லாம் இந்த மாதிரிக் கதைகளாகவே படித்து அழுகிறாள். புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அவள் அழுவது பாட்டிக்காக. புத்தகம் ஒரு சாக்கு, அவ்வளவுதான். காரியம் முடிந்த கையோடு "எத்தனை நாளைக்கு இப்படியே உட்கார்ந்திருப்பே" என்று கேட்கிற வீடுகள் நம்முடையவை. அந்தக் கேள்வியைக் கேட்காத இடம் அவளுக்கு இப்போதைக்குப் புத்தகம்தான். அவள் படித்து முடித்ததைக் கேட்டு வாங்கி நீங்களும் படியுங்கள். ஆனால் சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இந்த வகையில் ஒன்றுகூடப் படித்ததில்லை. ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் அக்கா.

பதில்: ஜாண்டி நெல்சன் 2010இல் எழுதிய 'தி ஸ்கை இஸ் எவ்ரிவேர்'. கலிஃபோர்னியாவில் ஒரு சிற்றூர். பதினேழு வயது லென்னி கிளாரினெட் வாசிப்பவள். அக்கா பெய்லி நாடக ஒத்திகையின்போது இதயத்துடிப்புக் கோளாறால் சட்டென்று இறந்துபோகிறாள். அம்மா சின்ன வயதிலேயே விட்டுவிட்டுப் போனவள். வளர்த்தது பாட்டியும் மாமாவும்.

கதை சாவிலிருந்து தொடங்காது, ஒரு தொட்டிச்செடியிலிருந்து தொடங்கும். அந்தச் செடி எப்படி இருக்கிறதோ அப்படித்தான் லென்னியும் இருப்பாள் என்பது பாட்டியின் நம்பிக்கை. இப்போது அதன் இலைகளில் புள்ளி விழுந்திருக்கிறது. பேத்தியிடம் நேராகக் கேட்க முடியாத பாட்டி செடியைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படுகிறாள். எனக்கு அந்த முதல் பக்கமே போதுமாக இருந்தது. லென்னியோ பேசாமல் கவிதை எழுதுகிறாள். கிடைத்த தாள், காபிக் கோப்பை என்று எதிலாவது எழுதி ஊர் முழுக்க விட்டுவிட்டுப் போகிறாள். 2022இல் படமாகவும் வந்தது. முதலில் புத்தகம்.

கேள்வி: அதைப் படித்துவிட்டேன். அக்கா செத்த ஈரம் காயவில்லை, அதற்குள் காதலா? அதுவும் இரண்டு பையன்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

பதில்: கூசத்தான் வேண்டும். லென்னிக்கே கூசுகிறது, கதையே அதுதானே. இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருவதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் பையன் டோபி, இறந்தவளின் காதலன். பெய்லி இல்லாத வெறுமை எப்படிப்பட்டது என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரே ஆள் அவன். இருவரும் ஒருவரிடம் ஒருவர் தேடுவது பெய்லியை. அது எங்கே போய் நிற்கும் என்று வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், அவர்களுக்குத்தான் தெரியாது. இரண்டாவது ஜோ. ஊருக்குப் புதிதாக வந்தவன், இசைக்காரன், பெய்லியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவனோடு இருந்தால் லென்னி சிரிக்கிறாள். சிரித்த மறுநொடியே ஏதோ திருடியவள் போல் ஆகிவிடுகிறாள்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். முதல் காதல் வந்ததும் யாரிடம் முதலில் ஓடிப் போய்ச் சொல்லியிருப்பாளோ அந்த ஆள் இல்லை. ஜோவோடு போகும் ஒவ்வொரு நாளும் அக்காவுக்குத் தெரியாத ஒரு நாள். டோபி பக்கம் போனால் அக்கா இருந்த காலத்திலேயே தங்கிவிடலாம், ஜோ பக்கம் போனால் அவளைத் தாண்டிப் போக வேண்டும். 'இரண்டு பையன்களில் யார்' என்கிற அரதப்பழசான சிக்கலை நெல்சன் இப்படித் திருப்பியிருக்கிறார். காதலை மருந்தாகத் தடவும் நாவல்கள் ஏராளம். பையன் வந்தான், பெண் தேறினாள், முடிந்தது. அவற்றை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.

கேள்வி: 'தில் பேச்சாரா' பார்த்தவன். மூல நாவலையும் படிக்க வேண்டுமா?

பதில்: படியுங்கள் தம்பி. 2020இல் வந்த அந்த இந்திப் படத்துக்கு ரஹ்மான் இசை என்பதால் நம்மவர்கள் பலர் பார்த்திருக்கிறார்கள். மூலம் ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்', 2012. காதலை விட்டுவிட்டு ஒருமுறை, புற்றுநோய் வந்த நாயகி ஹேசலின் பெற்றோரை மட்டும் கவனித்துப் படியுங்கள். மகள் போய்விட்டால் தான் இனி அம்மாவே இல்லை என்று அம்மா ஒரு தடவை அழுகிறாள். அது மகள் காதில் விழுந்துவிடுகிறது. பிறகு அவள் சுமப்பது நோயை மட்டுமா? காதலர்களின் வசனம்தான் சில இடங்களில் அளவுக்கு மீறிய புத்திசாலித்தனம்.

கேள்வி: அண்ணன் மகனுக்கு 13 வயது. அப்பா தவறி ஆறு மாதம். காதல் கீதல் இல்லாமல் ஏதாவது?

பதில்: பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்', 2011. ஷிவான் டவுட் என்ற எழுத்தாளர் மனதில் வைத்திருந்த கதை அது. அவர் 2007இல் புற்றுநோயால் இறந்தார், நெஸ் எடுத்து எழுதினார். நள்ளிரவு தாண்டி 12:07க்கு ஒரு மரம் அரக்கனாக எழுந்து, அம்மா நோயில் கிடக்கும் ஒரு பையனின் ஜன்னலுக்கு வருகிறது. மூன்று கதை நான் சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. நோயாளி இருக்கும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நினைப்பு உண்டே, நான்காவது கதை அதுதான். முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். கொடுத்துவிட்டு "படிச்சியா, எப்படி இருந்துச்சு" என்று துளைக்காதீர்கள்.

கேள்வி: ஆங்கிலம் எனக்குச் சுமார்தான். பெரிய புத்தகம் பார்த்தாலே மலைப்பு.

பதில்: அப்படியானால் கவிதை வடிவ நாவல். எலிசபெத் அசெவேடோவின் 'கிளாப் வென் யூ லேண்ட்', 2020. பக்கத்துக்குச் சில வரிகள்தான், விறுவிறுவென்று ஓடும். நியூயார்க்கில் ஒரு பெண், டொமினிகன் குடியரசில் ஒரு பெண். ஒரு விமான விபத்தில் இருவருக்கும் அப்பா போகிறார், ஒரே அப்பா! சின்ன வீடு, பெரிய வீடு சமாச்சாரம் நமக்குச் சொல்லியா தர வேண்டும். செத்தவர்மேல் கோபப்படலாமா என்று இரண்டு பிள்ளைகளும் திணறுவதுதான் புத்தகம். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து சாண்டோ டொமிங்கோ கிளம்பிய விமானம் விழுந்து 265 பேர் இறந்தார்கள். இந்த நாவலுக்கு விதை அந்த விபத்து.

கேள்வி: என் தோழியின் அம்மா தற்கொலை செய்துகொண்டார். அவளுக்குத் தர ஏதாவது உண்டா?

பதில்: எமிலி எக்ஸ். ஆர். பான் எழுதிய 'தி அஸ்டானிஷிங் கலர் ஆஃப் ஆஃப்டர்' (2018) உண்டு. அம்மா பறவையாகிவிட்டாள் என்று நம்பும் பெண், அம்மாவைப் பெற்றவர்களைத் தேடித் தைவான் போகிறாள். நல்ல நாவல். ஆனால் இப்போதைக்கு நீ படி, அவளுக்குத் தராதே. அவள் கேட்கும் நாளில் கொடு. அதுவரை அவள் வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திரு. அவளுக்கோ உனக்கோ தாங்க முடியவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

கேள்வி: எல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதையாகவே இருக்கிறதே. நம் பக்கம் ஒன்றும் இல்லையா?

பதில்: தைவானும் டொமினிகன் குடியரசும் வெள்ளைக்காரர் ஊரா? சரி, கேள்வி புரிகிறது. கொழும்பில் பிறந்து கனடாவில் வாழும் ஷியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய 'ஸ்விம்மிங் இன் தி மான்சூன் சீ' 2005இல் வந்தது. 1980, இலங்கை, மழைக்காலம். பெற்றோரை இழந்த பதினான்கு வயது அம்ரித்துக்குக் கனடாவிலிருந்து வரும் உறவுக்காரப் பையன்மேல் காதல். இந்தப் பதிவின் மூன்று விஷயமும் அதில் இருக்கிறது, ஆர்ப்பாட்டமே இல்லாமல்.

தமிழில் 'இளையோர் நாவல்' என்று முத்திரை குத்தி வருவது குறைவு. ஆனால் பூமணியின் 'வெக்கை' (1982) என்ன? அண்ணனைக் கொன்றவனைக் கொன்றுவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் பதினைந்து வயதுப் பையன். அதை வைத்து எடுத்த 'அசுரன்' படம் பார்த்தவர்கள் பழிவாங்கலை நினைவில் வைத்திருப்பார்கள். நாவலில் எனக்கு நிற்பது அப்பனும் மகனும் காட்டில் சமைத்துச் சாப்பிடுவது. துக்கத்தை அவர்கள் அதிகம் பேசுவதே இல்லை. காதல் கிடையாது, அதைத் தேடிப் போகாதீர்கள்.

கேள்வி: அக்கா, நானே ஒன்று எழுதுகிறேன். நாயகியின் அண்ணன் இறந்துவிடுகிறான். முதல் இரண்டு அத்தியாயம் அழுகை, மூன்றாவதில் ஒரு பையன் வருகிறான், அப்புறம் கதை நகர்கிறது. சரியா?

பதில்: மூன்றாவது அத்தியாயத்தில் அண்ணன் எங்கே போனான்? பையன் வந்ததும் வீட்டில் அவன் சாமான்களெல்லாம் காணாமல் போய்விட்டனவா?

என் அண்ணன் போனபோது எனக்கு 19. அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. மழை வந்தால் அம்மா உள்ளே எடுத்து வைப்பாள், விட்டதும் மறுபடி வெளியே. யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த வருஷம்தான் எனக்குக் கல்லூரியில் ஒருவரைப் பிடித்துப் போனது. அவர் முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது செருப்பைக் கழற்றி அண்ணன் செருப்புக்குப் பக்கத்திலேயே விட்டார். அவருக்கு என்ன தெரியும்? உள்ளே அவருக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாலும் என் கண் வாசலிலேயே இருந்தது.

இரண்டு அத்தியாய அழுகையைப் பாதியாகக் குறை. மூன்றாவதை மறுபடி எழுதி அனுப்பு, பார்க்கிறேன்.