படகிலிருந்து இறங்காத பையன்

(கடிதம் எழுதியவர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் தலைப்பெழுத்து மட்டும் போட்டிருக்கிறேன். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ஐயா,

அரையாண்டு விடுமுறையில் என் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கொல்கத்தா போய்வந்தேன். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஏழு. கணவருக்கு ஷிப்மென்ட் நேரம், வர முடியவில்லை. நாலு நாளில் பதினாலு இடம் பார்த்தோம். விக்டோரியா மெமோரியல், இந்தியன் மியூசியம், பிர்லா கோளரங்கம், சயின்ஸ் சிட்டி, தட்சிணேஸ்வரம், பேலூர் மடம், சாமி சிலை செய்கிற குமார்துலி, ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோ என்று எதையும் விடவில்லை. தினமும் ராத்திரி, அன்று பார்த்ததைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வைத்தேன். கடைசி நாள் மகள் நோட்டில் ‘எல்லாம் பெரிசாக இருந்தது. கால் வலித்தது’ என்று மட்டும் எழுதினாள். சின்னவன் ஹூக்ளி ஆற்றுப் படகில் கயிறு போடுகிறவரையே பார்த்துக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று அழுதான். அவனை இழுத்துக்கொண்டு வருவதற்குள் அன்றைய திட்டமே கெட்டுவிட்டது. எங்கே போனாலும் கடுகெண்ணெய் வாசம், பிள்ளைகள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் வீட்டில் ‘இவ்வளவு செலவு பண்ணி என்னத்தைக் கண்டீங்க’ என்று கேட்கிறார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். எந்த வயதில் கூட்டிப்போனால் பிள்ளைகளுக்குப் பயன்படும்? வரும் மே மாதம் டெல்லி போகலாமா, இன்னும் சில வருடம் பொறுக்கலாமா?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் மாமல்லபுரம் போயிருந்தேன். அர்ச்சுனன் தபசு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். ஆசிரியர் கையில் விசில். பாறையின் கீழ்ப்பக்கத்தில் ஒரு பூனை முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்வதையும், அதன் காலடியில் எலிகள் இருப்பதையும் ஒரு சிறுமி கண்டுபிடித்துவிட்டாள். தோழியை இழுத்து அதைக் காட்டுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டதாம். அந்த விசிலை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதனால் பதில் கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகளோடு, மொழி தெரியாத ஊருக்கு, துணைக்கு ஆளில்லாமல் இரண்டாயிரம் கிலோமீட்டர் போய்வந்திருக்கிறீர்கள். நம் வீடுகளில் ஆண்களே இதற்குப் பத்து முறை யோசிப்பார்கள். மாமியார் வீட்டுப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஹவுரா ஸ்டேஷனில் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தெரிந்த நாலு இந்தி வார்த்தையை வைத்து வழி கேட்டதை உங்கள் மகள் பார்த்திருக்கிறாள். செலவு செய்த பணம் அதிலேயே வந்துவிட்டது. கடுகெண்ணெய் விஷயத்தை விடுங்கள். நாலு நாள் சரியாகச் சாப்பிடாததால் யாரும் இளைத்துவிட மாட்டார்கள். லேக் மார்க்கெட் பக்கம் போயிருந்தால் இட்லியே கிடைத்திருக்கும்.

ஆனால் அந்த நோட்டுப் புத்தகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ராத்திரி ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று தெரிந்த பிள்ளை பகலில் எதைப் பார்க்கும்? எழுதுவதற்குத் தோதானதைத்தான் பார்க்கும். வருடம், உயரம், கட்டியவர் பெயர். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடும். விடுமுறையிலும் பரீட்சை வைத்துவிட்டு, பிள்ளை ரசிக்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். ‘எல்லாம் பெரிசாக இருந்தது’ என்று அவள் எழுதினாளே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? போகிற இடத்திலெல்லாம் பெரியவர்கள் ‘எவ்வளவு பெரிசு பாரு’ என்றுதான் சொல்கிறோம். கோபுரத்தைக் காட்டினாலும் அதுதான், அணையைக் காட்டினாலும் அதுதான். நாம் சொன்னதை அவள் நமக்கே திருப்பி எழுதியிருக்கிறாள். அந்த நோட்டில் அவளுடைய சொந்த வாக்கியம் ‘கால் வலித்தது’ மட்டும்தான். அதை நீங்கள் மதித்திருக்க வேண்டும்.

இப்போது சின்னவனிடம் வருகிறேன். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஹூக்ளியில் படகு கரை சேர்வதை நீங்கள் நின்று பார்த்தீர்களா? அங்கே படகுத்துறை என்பதே மிதக்கிற மேடை. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் கொல்கத்தா வரைக்கும் ஓதம் ஏறி இறங்குகிறது. தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும், வடிந்தால் அதுவும் இறங்கும். கரையிலிருந்து மேடைக்குப் போகிற இரும்பு நடைபாலம் காலையில் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும், மத்தியானம் பார்த்தால் செங்குத்தாக இறங்கும். படகு பக்கவாட்டில் நெருங்கும்போது ஒருவர் விளிம்பில் நின்றுகொண்டு, தாம்புக்கயிற்றின் வளையத்தை மேடையில் உள்ள குட்டையான இரும்புத் தூணைப் பார்த்து வீசுவார். விழுந்ததும் மறுமுனையைப் படகில் இருக்கிற முளையில் சரசரவென்று சுற்றிவிடுவார். அவ்வளவு ஆட்களை ஏற்றிய படகு, ஆற்றின் இழுப்பையும் மீறி அந்தச் சுற்றுகளின் பிடியில் நிற்கும். கயிறு முனகும், அதிலிருந்து தண்ணீர் பிழிந்து சொட்டும். அது இறுகுவதற்கு முன்பே ஆபீஸ் போகிறவர்கள் மேடைக்குத் தாவிவிடுவார்கள். கயிறு போட்டவர் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அடுத்த நிமிடம் அதே கயிற்றை உருவி எடுத்துக்கொண்டிருப்பார்.

ஏழு வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய காட்சி கொல்கத்தாவில் இல்லை. ஒரு மனிதர் ஒரு கயிற்றை வைத்து ஒரு படகையே நிறுத்துகிறார். அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அழுதிருக்கிறான். சில்லறைக் காசுக்கு டிக்கெட் எடுத்து, சாயந்திரம் வரை அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்திருக்கலாம். விக்டோரியா மெமோரியல் 1921இலிருந்து அங்கேயேதான் நிற்கிறது. உங்களுக்காக இன்னும் கொஞ்ச காலம் நிற்காதா?

படகிலேயே இருந்திருந்தால் தலைக்கு மேலே ஹவுரா பாலம். அதையும் ‘பெரிசு’ என்று சொல்லித்தான் காட்டியிருப்பீர்கள். 1943இல் திறந்த பாலம். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 457 மீட்டர், ஆற்றுக்குள் ஒரு தூண்கூடக் கிடையாது. இருபத்தாறாயிரம் டன்னுக்கு மேல் எஃகு. முழுக்க ரிவெட் அடித்தே கட்டினார்கள், நட்டும் போல்ட்டும் இல்லை. இதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. படகில் இருந்து அண்ணாந்து பார்த்தால் மட்டும் தெரிகிற சங்கதி ஒன்று உண்டு. பஸ்ஸும் ஜனங்களும் போகிற சாலை பாலத்தின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை, தொங்குகிறது. மேலேயிருந்து வரிசையாக இறங்கும் எஃகுக் கம்பங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ‘இந்த ரோடு எதுமேல நிக்குது, சொல்லு’ என்று மகளிடம் கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், அவளே கண்டுபிடித்திருப்பாள்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்களுக்கு மெட்ராஸைக் காட்டியவர் என் சித்தப்பா. கொத்தவால் சாவடியில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அப்போது கோயம்பேடு கிடையாது, சந்தை அங்கே போனது 1996இல். முழுப் பரீட்சை லீவில் நானும் தங்கையும் அவர் வீட்டுக்குப் போவோம். ஊர் சுற்றிக்காட்ட அவருக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை செத்த காலேஜ் (மியூசியம்), உயிர் காலேஜ் (மிருகக்காட்சிசாலை) என்று எல்லோரும் போகிற இடத்துக்கெல்லாம் கூட்டிப்போனார். மற்ற நாட்களில் விடியும் முன்பே எங்களை எழுப்பி மண்டிக்கு அழைத்துப் போய் மூட்டை மேல் உட்கார வைத்துவிடுவார்.

அங்கிருந்து நான் பார்த்த மெட்ராஸ் இன்றைக்கும் மனசில் அப்படியே இருக்கிறது. லாரியின் பின்கதவு திறந்ததும் மூட்டைகளைக் கொக்கி போட்டு இழுப்பார்கள். முதுகில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு ஒருவர் குனிந்து நிற்க, இரண்டு பேர் மூட்டையை ஏற்றிவிடுவார்கள். அவர் ‘ஓரம், ஓரம்’ என்று கத்திக்கொண்டே அந்த நெரிசலுக்குள் ஓடுவார். ஒவ்வொரு நடைக்கும் சித்தப்பா ஒரு தகர வில்லை கொடுப்பார், சாயந்திரம் வில்லையை எண்ணிக் கூலி. ஈரம் பட்டால் ஊதாவாகிற பென்சில் ஒன்று வைத்திருந்தார். அதை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவதால் மத்தியானத்துக்குள் அவர் உதடு ஊதாவாகிவிடும். வில்லை எண்ணுகிற வேலையைத் தங்கையிடம் கொடுத்தார். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு நாள் ஒருவருக்கு ஒரு வில்லை குறைந்தது. அவர் சண்டை போடவில்லை, வாசலிலேயே நின்றார். தங்கை சாக்குக் குவியலுக்கு நடுவே துழாவி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். ஒரு நடைக் கூலி என்றால் என்ன என்று அன்றைக்கு நாங்கள் இருவரும் தெரிந்துகொண்டோம். சித்தப்பா ‘இதிலிருந்து என்ன கத்துக்கிட்டீங்க’ என்று கேட்கவே இல்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் அதற்காகவே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

பெருநகரத்தில் வேலைகள் வெட்டவெளியில் நடக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது அதைத்தான். குமார்துலியை நீங்கள் பட்டியலில் சேர்த்தது நல்லது, ஆனால் ‘இருபது நிமிடம், செல்ஃபி எடுத்தோம்’ என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. டிசம்பரில் அங்கே சரஸ்வதி பூஜைக்கான சிலைகள் தயாராகும். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டி முதலில் உடம்பைச் செய்வார்கள். தலை இருக்காது. சந்து முழுக்கத் தலையில்லாத வைக்கோல் சரஸ்வதிகள் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் ஆற்று மண், அது காய்ந்ததும் வெடிப்பை மூட இன்னொரு பூச்சு. தலை தனியாக அச்சில் வரும், விரல்களைத் தனியாகப் பிடித்து ஒட்டுவார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தால் கால் வலியை மறந்திருப்பாள்.

மியூசியமும் அப்படித்தான். 1814இல் தொடங்கிய இடம், நம் நாட்டிலேயே பழையது. அதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, அதில் பெரும்பங்கை மம்மியைப் பார்க்கிற கூட்டத்தில் கழித்திருக்கிறீர்கள். பார்கூத் கூடத்துக்குள் நுழைந்த ஞாபகமாவது இருக்கிறதா? பார்கூத் என்ற ஊரில் இருந்த பௌத்தத் தூபியைச் சுற்றி நின்ற, செந்நிற மணற்கல்லில் செய்த வேலித் தூண்கள், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையவை. அதில் ஒரு தூணில் வட்டமாக ஒரு சிற்பம். ஒரு வணிகர் புத்தருக்காக ஒரு தோப்பை விலைக்கு வாங்குகிறார். நிலம் முழுக்கக் காசு பரப்பினால்தான் தருவேன் என்கிறான் அதை வைத்திருந்த இளவரசன். கல்லில் அது அப்படியே நடந்துகொண்டிருக்கிறது. நுகத்தடி மேலே தூக்கியபடி ஒரு மாட்டுவண்டி, அவிழ்த்துவிட்ட இரண்டு மாடுகள். ஒருவர் காசை இறக்குகிறார், இரண்டு பேர் குந்தி உட்கார்ந்து தரையில் அடுக்குகிறார்கள். காசெல்லாம் சதுரம், தளக்கல் பதிப்பதுபோலப் பதிக்கிறார்கள். நடுவில் வணிகர் தாரை வார்க்கச் செம்போடு நிற்கிறார். கீழே பிராமி எழுத்தில் என்ன நடக்கிறது என்று செதுக்கியே வைத்திருக்கிறார்கள். திருப்பூரில் தினமும் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். இந்த ஒரு வட்டத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருந்தால் அந்த நாள் முடிந்தது. மெட்ரோவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆற்றுக்கடியில் அரை கிலோமீட்டர், ஒரு நிமிடம்கூட ஆகாது.

பொது அறிவு, போட்டித் தேர்வு என்று சிலர் வாதம் செய்வார்கள். அதற்குப் புத்தகம் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம். ரயிலேற வேண்டாம்.

எந்த வயது என்று கேட்டிருந்தீர்கள். நடக்கத் தெரிந்தால் போதும். டெல்லிக்கு மே மாதம் மட்டும் வேண்டாம், வெயில் நாற்பதைத் தாண்டும், பிள்ளைகள் சுருண்டுவிடுவார்கள். காலாண்டு விடுமுறைக்குப் போங்கள். சின்னவனுக்குச் சாணக்கியபுரி ரயில் மியூசியம். அங்கே பாட்டியாலா சமஸ்தானத்து மோனோ ரயில் இருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தில், மறுபக்கச் சக்கரம் ரோட்டில் ஓடிய வண்டி. அது எப்படிச் சாயாமல் போனது என்று அவனே குனிந்து பார்த்துக்கொள்வான், அவசரப்படுத்தாதீர்கள். மீதி இடங்களை மகள் முடிவு செய்யட்டும். பட்டியலில் மொத்தம் மூன்று இடத்துக்கு மேல் எழுதக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.