வாசகர் கேள்வி – பதில்: அமெரிக்காவில் மாநிலம் மாறும் புதுத் தாதிகள்

கேள்வி: மகள் ஹூஸ்டனில் தாதியியல் பட்டம் முடித்து, தாதி லைசன்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சையிலும் சித்தியடைந்து, டெக்ஸாஸ் லைசன்ஸ் எடுத்துவிட்டாள். இன்னும் வேலைக்குச் சேரவில்லை. போன மாதம் இங்கே கலியாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு சான் ஹோசேயில் வேலை. அவளுடையது பல மாநில லைசன்ஸ், அது கலிபோர்னியாவிலும் செல்லும் என்கிறார்களே?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: செல்லாது. ஒரு மாநிலத்தின் தாதி லைசன்ஸை மற்றதும் ஏற்பதென்று சில மாநிலங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்திருக்கின்றன. பல மாநில லைசன்ஸ், அதில் சேர்ந்த மாநிலங்களுக்குள் மட்டும்தான் செல்லும். கலிபோர்னியா சேரவில்லை, நியூயோர்க்கும் சேரவில்லை. அதோடு, மகள் தன் நிரந்தர வதிவிடத்தைக் கலிபோர்னியாவுக்கு மாற்றியதும் கையிலிருக்கும் லைசன்ஸ் டெக்ஸாஸுக்கு மட்டுமானதாகச் சுருங்கிவிடும்.

மறுபடி பரீட்சை எழுதத் தேவையில்லை. கலிபோர்னியா தாதியர் சபைக்கு 'என்டோர்ஸ்மென்ட்' முறையில், அதாவது வேறு மாநில லைசன்ஸைக் காட்டி, விண்ணப்பிக்க வேண்டும். டெக்ஸாஸ் லைசன்ஸை உறுதிப்படுத்தும் பதிவை, தாதியர் லைசன்ஸ்களைச் சரிபார்க்கும் நர்சிஸ் இணையத்தளம் வழியாக அனுப்பலாம், கட்டணம் 30 டொலர். ட்ரான்ஸ்கிரிப்ட் (பாடப் பெறுபேற்றுப் பட்டியல்) கல்லூரியிலிருந்து நேரே போக வேண்டும், அதில் பட்டம் வழங்கப்பட்ட திகதி இருக்க வேண்டும். பட்டம் பதிவாகுமுன் அவசரப்பட்டு அனுப்பச் சொன்னால் திரும்பவும் கேட்பார்கள்.

அதிகம் இழுபடுவது கைவிரல் அடையாளம். கலிபோர்னியாவுக்குள் நின்றால் 'லைவ் ஸ்கான்' என்ற மின்னணு முறையில் எடுக்கலாம். வெளியே இருந்தால் மை அட்டைதான். அது மெதுவானது, ரேகை தெளிவில்லாவிட்டால் திரும்பி வரும். ஆகவே வீடு பார்க்க சான் ஹோசே போகும்போதே லைவ் ஸ்கானை முடித்துவிடட்டும். வேறு வேலைக்காக எடுத்த ரேகையைச் சபை ஏற்காது. படிவத்தின் பிரதியில் உள்ள ஏ.டி.ஐ. இலக்கத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், தாமதமானால் தேடிப் பார்க்க அதுதான் உதவும். ரேகை தேறியபின் 6 மாதத்துக்குத் தற்காலிக லைசன்ஸும் கேட்கலாம்.

கலியாணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றுகிறாளா? அப்படியானால் விவாகச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி எடுத்துக் கொடுத்தனுப்புங்கள். லைசன்ஸ் கையில் வந்தபின் பெயரை மாற்றுவது எங்கள் பார்வையில் இன்னும் நல்லது.

வேலை விஷயத்தில் லைசன்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். அனுபவமில்லாதவர்களைப் பெரிய வைத்தியசாலைகள் 'ரெஸிடென்சி' என்ற பயிற்சி நியமனத்தில் தொகுதி தொகுதியாகத்தான் எடுக்கின்றன. விண்ணப்பம் பல மாதங்களுக்கு முன்பே திறந்து, சில வேளை சில நாட்களிலேயே மூடிவிடும். பட்டம் பெற்று ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனை உண்டு. அதனால் சும்மா போகும் ஒவ்வொரு மாதமும் நட்டம். சுயவிபரத்தில் சான் ஹோசே முகவரியையும், 'கலிபோர்னியா லைசன்ஸ் விண்ணப்பித்தாயிற்று' என்பதையும் எழுதட்டும். கடைசிப் பருவப் பயிற்சி எந்த வாட்டில், எத்தனை மணித்தியாலம் என்பதும் வேண்டும். பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை அமெரிக்க இருதயச் சங்கத்தினுடையதாக இருக்கட்டும். முழுக்க ஒன்லைனில் எடுத்த அட்டையைப் பல இடங்களில் தள்ளிவிடுவார்கள். சான் ஹோசேப் பக்கம் புதியவர்களுக்குப் போட்டி கடுமை. கலிபோர்னியாவிலேயே உள்ளே தள்ளி இருக்கும் ஸ்டொக்டன், மொடெஸ்டோ பக்கமும் போட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: மருமகள் புளோரிடாவில் பல மாநில லைசன்ஸ் வைத்திருக்கிறாள். டெக்ஸாஸிலுள்ள டலஸுக்குக் குடிபோகிறார்கள். இரண்டும் உடன்படிக்கை மாநிலங்கள்தானே, பிறகென்ன அலுவல்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: அலுவல் இருக்கிறது. குடிபெயர்ந்து 60 நாட்களுக்குள் டெக்ஸாஸ் லைசன்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அது தானாக மாறாது. புதியது வரும்வரை பழையதில் வேலை செய்யலாம். டெக்ஸாஸ் தன் தாதியர் சட்டம் பற்றி ஒரு தனிப் பரீட்சை வைத்திருக்கிறது. பலர் அதை மறந்துவிட்டு, விண்ணப்பம் நகரவில்லையே என்று முழிப்பார்கள். புதுச் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் தாமதியாமல் எடுக்கட்டும், வதிவிடத்துக்கு அது நல்ல அத்தாட்சி.

கேள்வி: நான் இங்கே படித்துப் பதிவு செய்த தாதி. கிரீன் கார்ட் கிடைத்திருக்கிறது. போகுமுன் என்ன செய்யலாம்?
– பம்பலப்பிட்டி வாசகி

பதில்: போய்ச் சேரும் மாநிலத்தை முதலில் முடிவு செய்யுங்கள், எந்த நிறுவனத்தின் சான்று மதிப்பீடு (இங்கு படித்ததை அமெரிக்கப் படிப்போடு ஒப்பிடுவது), எந்த ஆங்கிலப் பரீட்சை என்பது அதைப் பொறுத்தது. மதிப்பீட்டுக்கான பெறுபேறுகள் படித்த இடத்திலிருந்தும், பதிவு உறுதி இலங்கைத் தாதியர் சபையிலிருந்தும் நேரே போக வேண்டும். நீங்கள் தபாலில் போட்டால் எடுக்கமாட்டார்கள். வகுப்பு மணித்தியாலமும் வாட்டுப் பயிற்சி மணித்தியாலமும் பாடவாரியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உளநலத் தாதியியல் குறைந்தால் அங்கே போய் அந்தப் பாடத்தைப் படிக்கச் சொல்லலாம். என்கிளெக்ஸை சென்னையிலும் எழுதலாம்.

சான்றிதழில் முதலெழுத்துகளும் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாகவும் இருப்பது நம்மவர்களுக்கு வழமையான சிக்கல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று இங்கேயே ஒரு சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போங்கள்.