பிரிமிட்டிவ் தொகுப்புகளை எக்ஸ்எம்எல்லாக எழுதுதல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜாவாவில் இன்ட் (முழு எண்ணுக்கான பிரிமிட்டிவ், அதாவது ஆப்ஜெக்ட் அல்லாத அடிப்படை வகை) மதிப்புகளைச் சேர்த்து வைக்க நானே ஒரு கிளாஸ் எழுதியிருக்கிறேன். உள்ளே ஓர் அணியும் ஓர் எண்ணிக்கையும் மட்டுமே உள்ளன. ஜாவா ஆப்ஜெக்ட்களை எக்ஸ்எம்எல்லாகவும், எக்ஸ்எம்எல்லைத் திரும்ப ஆப்ஜெக்ட்களாகவும் மாற்றும் ஜாக்ஸ்-பி வழியாக எழுதினால் வெற்று உறுப்புதான் வருகிறது. பிழைச் செய்தியும் இல்லை. ஏன்?

பதில்: ஜாவாவின் கலெக்‌ஷன் இன்டர்ஃபேஸைச் செயல்படுத்தும் கிளாஸ்களையும் அணிகளையும்தான் ஜாக்ஸ்-பி தொகுப்பாகக் கருதும். உங்கள் கிளாஸ் அதன் பார்வையில் சாதாரண பீன் (பண்புகளைக் கொண்ட வெறும் கிளாஸ்). பீன் என்றால் பப்ளிக் புலங்களையும், கெட்டர் (மதிப்பைப் படிக்கும் மெத்தட்), செட்டர் (மதிப்பை இடும் மெத்தட்) இரண்டும் உள்ள பண்புகளையும் மட்டுமே அது இயல்பாக எடுத்துக்கொள்ளும். உங்களிடம் இருப்பவை பிரைவேட் புலங்கள் என்பதால் எழுத எதுவும் கிடைக்காமல் வெற்று உறுப்பை எழுதிவிடுகிறது.

இதற்கு, ஒரு வகையை ஜாக்ஸ்-பிக்குப் புரியும் வேறொரு வகையாக மாற்றித்தரும் எக்ஸ்எம்எல்-அடாப்டரே சரியான வழி. ஒரே ஒரு இன்ட் அணியைப் பப்ளிக் புலமாகக் கொண்ட சிறிய இடைக் கிளாஸ் ஒன்றை எழுதி, அடாப்டரின் மார்ஷல் (எழுதும்போது இயங்கும்) மெத்தடில் உங்கள் தொகுப்பை அந்த இடைக் கிளாஸாகவும், அன்மார்ஷல் (படிக்கும்போது இயங்கும்) மெத்தடில் அதைத் திரும்பத் தொகுப்பாகவும் மாற்றுங்கள். தொகுப்பை வைத்திருக்கும் புலத்துக்கு 'அளவுகள்' என்றும், இடைக் கிளாஸின் புலத்துக்கு 'அளவு' என்றும் பெயர் கொடுத்தால் கோப்பில் இப்படி வரும்:

<அளவுகள்><அளவு>12</அளவு><அளவு>15</அளவு><அளவு>9</அளவு></அளவுகள்>

(உறுப்புப் பெயரைத் தமிழில் வைக்க எக்ஸ்எம்எல் விதிகளில் தடை இல்லை.) மார்ஷலில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. உள் அணி 16 இடங்களோடு உருவாகி, அவற்றில் 3 மட்டும் நிரம்பியிருக்கும்போது அந்த அணியை அப்படியே கொடுத்தால், மீதமுள்ள 13 பூஜ்யங்களும் கோப்பில் ஏறிவிடும். ஆகவே எண்ணிக்கை அளவுக்கு மட்டும் நகலெடுத்துக் கொடுங்கள். நல் (null, அதாவது எதையும் சுட்டாத) மதிப்பு வந்தாலும் தாங்கும்படி இரண்டு மெத்தடுகளையும் எழுதுவது நல்லது. தொகுப்பைப் பல இடங்களில் பயன்படுத்துவீர்களானால், எந்த அடாப்டர் என்று ஜாக்ஸ்-பிக்குச் சொல்லும் அனோடேஷனை (நிரலில் @ குறியோடு இடும் குறிப்பை) தொகுப்பு கிளாஸின் மேலேயே இட்டுவிடலாம். ஆனால் அந்தத் தொகுப்பையே வேர் உறுப்பாக மார்ஷலரிடம் (எக்ஸ்எம்எல்லை எழுதும் ஆப்ஜெக்டிடம்) நேரடியாகக் கொடுத்தால் அடாப்டர் செயல்படாது என்பதால், அதை ஏதேனும் ஒரு கிளாஸின் புலமாக வைத்தே எழுதவேண்டும்.

கேள்வி: அடாப்டருக்குப் பதிலாக, இன்டீஜர் (இன்டின் ஆப்ஜெக்ட் வடிவம்) வகை அர்ரேலிஸ்டை (ஜாவாவின் ஆயத்தத் தொகுப்பு கிளாஸை) எக்ஸ்டெண்ட் செய்தால் போதாதா?

பதில்: மதிப்புகள் மட்டும் போதும் என்றால் போதும். ஆனால் அந்தக் கிளாஸில் 'அலகு' போன்ற கூடுதல் புலம் ஒன்றை வைத்தால், ஜாக்ஸ்-பி அதைத் தொகுப்பாக மட்டுமே பார்ப்பதால், அப்புலம் சத்தமின்றிக் காணாமல் போகும். நினைவகச் செலவும் உண்டு: ஒரு இன்ட் 4 பைட், வழக்கமான 64-பிட் ஹாட்ஸ்பாட்டில் (ஜாவா நிரல்களை ஓட்டும் இயந்திரத்தில்) ஒரு இன்டீஜர் ஆப்ஜெக்ட் 16 பைட், அதைச் சுட்டும் ரெஃபரன்ஸ் தனி. கோப்பின் வடிவத்துக்காக நினைவகத்தில் உள்ள வடிவத்தைக் கெடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு டேக் என்பதால் கோப்பு பெருக்கிறது. சுருக்க முடியுமா?

பதில்: புலத்தின் மேல் எக்ஸ்எம்எல்-லிஸ்ட் அனோடேஷனை இட்டால் <அளவு>12 15 9</அளவு> என்று இடைவெளியிட்டு ஒரே உறுப்பில் வரும். எண்களுக்கு இது பொருத்தமானது. சரங்களுக்குப் பயன்படுத்தாதீர்கள், 'புதிய அளவு' என்ற ஒரே சரம் படிக்கும்போது இரண்டாகப் பிரிந்துவிடும்.

கேள்வி: பைட் அணி மட்டும் புரியாத எழுத்துகளாக வருகிறது.

பதில்: அது பிழையன்று, பைட்களை எழுத்துகளாகக் குறிக்கும் பேஸ்64 முறை. பதினறும வடிவம் வேண்டுமென்றால் ஜாக்ஸ்-பியிலேயே உள்ள ஹெக்ஸ்-பைனரி-அடாப்டரைப் புலத்தின் மேல் இடுங்கள்.

கேள்வி: ஜாவா 8-இல் ஓடிய நிரல், 11-இல் கம்பைல் கூட ஆகவில்லை.

பதில்: 2018-இல் வெளிவந்த ஜாவா 11-இலிருந்து ஜாக்ஸ்-பி ஜேடிகேயில் (ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பில்) இல்லை, ஏபிஐ (நிரலில் இம்போர்ட் செய்யும் கிளாஸ்கள்), அதன் செயலாக்கம் இரண்டையும் தனியாகச் சேர்க்கவேண்டும். அப்போது 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைத் தேர்ந்தால் பேக்கேஜ் பெயர் ஜாவாக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாறியிருக்கும். எல்லா இம்போர்ட்டுகளையும் ஒருசேர மாற்றுங்கள், ஏனெனில் பழைய பேக்கேஜின் அனோடேஷன்களைப் புதிய செயலாக்கம் கண்டுகொள்ளாது. அடாப்டரும் விடுபட்டு, முதல் கேள்வியில் சொன்ன அதே வெற்று உறுப்பு மீண்டும் வரும்.