லோடு ஏறினால் வோல்டேஜ் இறங்குவது ஏன்? கணினி கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் உள்ள இன்டெல் கோர் ஐ7-8700கே ப்ராசஸரை இசட்370 மதர்போர்டில் 5.0 கிகாஹெர்ட்ஸுக்கு ஓவர்க்ளாக் செய்திருக்கிறேன் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறேன்). போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் வோல்டேஜை மேனுவலாக 1.30 என்று வைத்தேன். கணினி சும்மா இருக்கும்போது சிபியு-இசட் மென்பொருள் 1.312 காட்டுகிறது. ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 சோதனையை ஓட்டியதும் அது 1.216க்கு விழுந்து, பத்து நிமிடத்துக்குள் நீலத்திரை வந்துவிடுகிறது. வோல்டேஜ் இறக்கத்தை ஈடுகட்டும் லோட்லைன் கேலிபரேஷனை உச்சத்தில் வைத்து 1.38 கொடுத்துப் பார்த்தேன். இப்போது லோடில் (முழு வேலையில்) 1.408 காட்டுகிறது; நீலத்திரை இல்லை, ஆனால் வெப்பம் 96 டிகிரியைத் தொடுகிறது. கடைக்காரர் மதர்போர்டையும் பவர் சப்ளையையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? (வேலூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதில் பழுது என்று சொல்லக்கூடிய எதுவும் இல்லை.

பயாஸில் நீங்கள் எழுதும் எண், ப்ராசஸர் தனக்கு வேண்டுமென்று கேட்கும் விஐடி எண், அதன் சிலிக்கானுக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் ஆகிய மூன்றும் வெவ்வேறு. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதிலிருந்துதான் இந்தத் துறையின் குழப்பங்களில் பாதி தொடங்குகிறது. கிணற்றடி மோட்டார் ஓடத் தொடங்கியதும் வீட்டு பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மின்கம்பியின் தடையால் வோல்டேஜ் இறங்குகிறது, அது யாரும் விரும்பாத இறக்கம். ப்ராசஸரிலோ, மின்னோட்டம் கூடக் கூட வோல்டேஜ் ஒரு குறிப்பிட்ட சரிவில் இறங்க வேண்டும் என்று இன்டெல்லே வகுத்து வைத்திருக்கிறது. அந்தச் சரிவுக்குத்தான் லோட்லைன் என்று பெயர். உங்கள் ப்ராசஸருக்கு அது 2.1 மில்லிஓம், அதாவது 100 ஆம்பியர் இழுக்கும்போது 0.21 வோல்ட் வரை இறங்கலாம். உங்களுக்கு இறங்கியிருப்பது 0.096 வோல்ட். பிரைம்95 ஓடும்போது சுமார் 120 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொண்டால், கணக்கு 0.8 மில்லிஓம் என்று வருகிறது. இன்டெல் அனுமதித்ததில் பாதிகூட இல்லை. போர்டு தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறது.

இடையில் ஒன்று: நீங்கள் குறித்தனுப்பிய 1.312, 1.216, 1.408 ஆகிய மூன்றுமே 0.016இன் மடங்குகள். போர்டில் உள்ள கண்காணிப்புச் சில்லு 16 மில்லிவோல்ட் படிகளில்தான் அளக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆகவே 1.30க்கும் 1.312க்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சில்லு எந்த இடத்தில் அளக்கிறது என்பதும் போர்டுக்குப் போர்டு மாறும். பழைய போர்டு ஒன்றில் சாக்கெட்டின் பின்புறமுள்ள மின்தேக்கியில் மல்டிமீட்டர் முனைகளை வைத்து நான் அளந்தபோது, திரையில் 1.344 என்றிருந்தது மீட்டரில் 1.29 என்று வந்தது. முனை சற்று வழுக்கினால் போர்டே போய்விடும் என்பதால் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏன் வேண்டுமென்றே இறங்க விடுகிறார்கள்? வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் குழாய் முழுவதும் அதிர்கிறதல்லவா? ப்ராசஸர் 120 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும்போது வேலை திடீரென்று முடிந்துவிட்டால், போர்டின் மின்சுருள்களில் தேங்கியிருந்த ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லாமல், வோல்டேஜ் சில மைக்ரோ வினாடிகளுக்கு மேலே துள்ளுகிறது. லோடில் ஏற்கனவே 1.216இல் இருந்தால் அந்தத் துள்ளல் நீங்கள் வைத்த எண்ணை ஒட்டியே அடங்கிவிடும். லோட்லைன் கேலிபரேஷனை உச்சத்துக்குக் கொண்டுபோய் இறக்கமே இல்லாமல் செய்துவிட்டால், துள்ளல் முழுவதும் நீங்கள் வைத்த எண்ணுக்கு மேலேதான் நிகழும். உங்கள் போர்டு அதையும் தாண்டி, 1.38 கேட்டால் லோடில் 1.408 கொடுக்கிறது, சரிவு தலைகீழாகவே ஆகிவிட்டது. வினாடிக்கு ஒரு முறையோ இரு முறையோ எட்டிப் பார்க்கும் மென்பொருளுக்கு இந்தத் துள்ளல் தெரியாது, ஆஸிலாஸ்கோப்புக்குத்தான் தெரியும். திரையில் கோடு நேராக இருப்பதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஆகவே கேலிபரேஷனை நடுத்தர நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்படிச் செய்யும்போது உங்கள் போர்டில் எது நடு, எது உச்சம் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆசூஸ் போர்டுகளில் எண் கூடக் கூட ஈடுகட்டல் வலுக்கும், எம்எஸ்ஐயிலும் ஏஎஸ்ராக்கிலும் 1 என்பதுதான் மிக வலுவானது, கிகாபைட்டில் எண்ணே கிடையாது, சொற்கள்தான். ஒரு நிறுவனத்தின் போர்டுக்கு எழுதிய குறிப்பை மற்றொன்றில் அப்படியே போட்டுச் சூடுபட்டவர்கள் ஏராளம்.

பிறகு, பயாஸில் உள்ள எண்ணை மறந்துவிட்டு, லோடில் தெரியும் எண்ணை மட்டும் இலக்காக வையுங்கள். உங்கள் ப்ராசஸருக்கு 5.0இல் 1.216 போதவில்லை என்பது தெரிந்துவிட்டது. லோடில் 1.248, பிறகு 1.264, 1.280 என்று ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். வெப்பம், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறுவதால், 1.28இலிருந்து 1.38க்குப் போனாலே மின்செலவு சுமார் 16 சதவீதம் கூடிவிடுகிறது. 8700கேயில் சில்லுக்கும் உலோக மூடிக்கும் இடையே இருப்பது பற்றாசு (சால்டர்) அல்ல, வெறும் பசை. வெப்பம் அங்கேயே தேங்கும். 100 டிகிரியில் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்து வேலூரில், அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால் ப்ராசஸரிலும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

பிரைம்95இன் புதிய பதிப்புகள், ஒரே நேரத்தில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகளைப் பயன்படுத்துவதால், அன்றாட வேலை எதுவும் இழுக்காத அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கின்றன. பயாஸில் ஏவிஎக்ஸ் ஆஃப்செட்டை 2 என்று வைத்தால் அந்தக் கட்டளைகள் வரும்போது மட்டும் வேகம் 4.8க்கு இறங்கும். அவ்வளவு செய்தும் 90 டிகிரிக்குக் கீழே வரவில்லையென்றால் 4.9இல் நின்றுவிடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் என்பது 2 சதவீதம்; என் கணிப்பில், அந்த 2 சதவீதத்துக்காக நீங்கள் கொடுக்கும் விலை அதிகம்.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்சாரம் 190 வோல்ட்டுக்கும் 245க்கும் இடையே ஆடுகிறது. ப்ராசஸர் வோல்டேஜ் ஆடுவதற்கு இதுவும் காரணமா? ஸ்டெபிலைசர் வைத்தால் ஓவர்க்ளாக் நிலைக்குமா? (விருத்தாசலம் வாசகர்)

பதில்: இரண்டுக்கும் தொடர்பில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 12 வோல்ட் நேர்மின்சாரமாக்குகிறது; அந்த 12 வோல்ட்டை போர்டில் உள்ள விஆர்எம் வினாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடி 1.2, 1.3 என்று குறைத்துக் கொடுக்கிறது. இரண்டு காவலர்களைத் தாண்டி வெளி ஆட்டம் உள்ளே வராது. 12 வோல்ட் தடம் லோடில் 11.4 வரை இறங்கினாலும் அது 5 சதவீத வரம்புக்கு உட்பட்டதே.

அறிகுறியைப் பாருங்கள். நீலத்திரை வந்தாலோ, திரை உறைந்தாலோ ப்ராசஸர் வோல்டேஜைச் சந்தேகியுங்கள். நீலத்திரையே இல்லாமல் சட்டென்று அணைந்து மறுபடி தொடங்கினால் எஸ்எம்பிஎஸ்ஸையோ விஆர்எம்மின் வெப்பத்தையோ சந்தேகியுங்கள். மின்வெட்டின்போது மட்டும் அணைகிறது என்றால் யுபிஎஸ்தான். 600 விஏ என்று எழுதியிருக்கும் பெட்டி பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், ஓவர்க்ளாக் செய்த ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து விளையாட்டின் நடுவே அதை எளிதாகத் தாண்டிவிடும்.

கேள்வி: என் ரைசன் 5 3600 எந்த வேலையும் செய்யாதபோது 1.45 வோல்ட் காட்டுகிறது. சினிபெஞ்ச் வேகச் சோதனையை ஓட்டினால் 1.3 பக்கம் வந்துவிடுகிறது. இது தலைகீழாக அல்லவா இருக்கிறது? நண்பர் சொன்னபடி 1.40 என்று நிலையாக வைத்து, எல்லா கோரையும் (ப்ராசஸரின் கணக்கிடும் பகுதிகளையும்) 4.3க்கு ஏற்றலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தலைகீழாக இல்லை, அது அப்படித்தான் இருக்கும். 2019 ஜூலையில் இந்த வரிசை வெளிவந்த நாட்களிலேயே இதே கேள்வி உலகெங்கும் எழுந்து, ஏஎம்டி நிறுவனமே விளக்கம் அளித்தது. ஒரே ஒரு கோர் சிறு வேலைக்காக 4.2 கிகாஹெர்ட்ஸுக்குத் துள்ளும்போது அதற்கு 1.4க்கு மேல் வேண்டியிருக்கிறது, ஆனால் அப்போது பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு. மேலும், வோல்டேஜைப் பார்க்க நீங்கள் திறந்து வைத்திருக்கும் மென்பொருளே ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் தூங்குகிற கோரைத் தட்டி எழுப்பிவிடுகிறது. குழந்தை தூங்குகிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்ப்பது போன்றதுதான் இது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் பார்க்கும் இடைவெளியைக் கூட்டி வைத்து, எஸ்விஐ2 டிஎஃப்என் என்று குறித்திருக்கும் வரியை மட்டும் பாருங்கள். போர்டின் சில்லு காட்டும் வரியைவிட அது நம்பத்தக்கது.

நண்பரின் யோசனைதான் ஆபத்தானது. ‘ப்ராசஸரே 1.45 எடுக்கிறதே, 1.40 என்ன செய்துவிடும்’ என்ற வாதம் கேட்க நியாயமாகத் தோன்றும். ஒரு கோர் ஒரு நொடிப்பொழுது 1.45இல் இருப்பது வேறு, ஆறு கோரும் முழு மின்னோட்டத்துடன் மணிக்கணக்கில் 1.40இல் கிடப்பது வேறு. சில்லைத் தேய்ப்பது வோல்டேஜ், மின்னோட்டம், வெப்பம் மூன்றும் சேர்ந்த கூட்டுதான். நிலையான வோல்டேஜ் வைத்தால், லோடுக்கு ஏற்ப அதைக் குறைத்துக்கொள்ளும் உரிமையை ப்ராசஸரிடமிருந்து நீங்கள் பறித்துவிடுகிறீர்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. வோல்டேஜை மிகவும் குறைத்தால் இந்த ப்ராசஸர் உடனே செயலிழந்து நிற்பதில்லை. தன் க்ளாக் துடிப்புகளைச் சத்தமில்லாமல் நீட்டிக்கொள்கிறது. திரையில் 4.2 என்றே தெரியும், சினிபெஞ்ச் மதிப்பெண் மட்டும் சரிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கிகாஹெர்ட்ஸைப் பார்க்காமல் மதிப்பெண்ணை ஒரு தாளில் எழுதி வாருங்கள்.

கேள்வி: ஆஃப்செட் முறையில் வோல்டேஜை 0.1 குறைத்திருக்கிறேன். பிரைம்95 ஆறு மணி நேரம் ஓடியும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சும்மா செய்தி படித்துக்கொண்டிருக்கும்போது கணினி உறைந்துவிடுகிறது. (ஈரோடு வாசகர்)

பதில்: ஆஃப்செட் என்பது உச்ச வேகத்துக்கு மட்டுமல்ல, எல்லா வேகங்களுக்கும் உரிய வோல்டேஜிலிருந்தும் கழிக்கப்படுவது. முழு லோடில் தாங்குகிற அந்தக் கழிவு, ப்ராசஸர் 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கும்போதோ அங்கிருந்து சட்டென்று எழும்போதோ தாங்காமல் போகலாம். கழிவை 0.05க்குக் குறைத்துப் பாருங்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் என்ற பெயரில் 19 என்ற எண்ணுள்ள எச்சரிக்கைகள் இருந்தால், ப்ராசஸர் தவறு செய்து தானே திருத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். 18 என்றால் திருத்த முடியாமல் விழுந்திருக்கிறது. நீலத்திரைக்காகக் காத்திராமல் 19ஐத் தேடுங்கள்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய கோர் ஐ9-13900கே ப்ராசஸரை வாங்கினேன். ஓவர்க்ளாக் எதுவும் செய்யவில்லை. ஆனால் விளையாட்டுகள் தொடங்கும்போது கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிடுகின்றன. என் கார்டிலோ 16 ஜிபி இருக்கிறது. (கொழும்பு வாசகர்)

பதில்: நீங்கள் ஓவர்க்ளாக் செய்யவில்லை, ஆனால் அந்த ப்ராசஸர் இத்தனை நாளும் கூடுதல் வோல்டேஜிலேயே ஓடியிருக்கக்கூடும். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் இயங்கும் அடிப்படை நிரல்) பிழையால் வேண்டியதைவிட அதிக வோல்டேஜ் கேட்கப்படுகிறது என்று இன்டெல் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடு அந்தக் கோரிக்கையை 1.55 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தியது. அடுத்த மாதம் 0எக்ஸ்12பி வந்தது. அதிக வோல்டேஜில் தேய்ந்த சில்லுக்கு, முன்பு போதுமானதாக இருந்த குறைந்தபட்ச வோல்டேஜ் பிறகு போதாமல் போகிறது. விளையாட்டுக் கோப்புகளை விரிக்கும் கடும் கணக்கில் ப்ராசஸர் தடுமாறும்போது, பழி கிராபிக்ஸ் நினைவகத்தின்மேல் விழுகிறது.

முதலில் பயாஸைப் புதுப்பித்து, இன்டெல்லின் இயல்புநிலை அமைப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். புதுப்பிப்பு மேற்கொண்டு தேய்வதைத் தடுக்கும், ஏற்கனவே தேய்ந்ததை மீட்டுத் தராது. ஒரு சோதனையாக, உச்சப் பெருக்கெண்ணை 53க்கு, அதாவது 5.3 கிகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து அதே விளையாட்டைத் திறந்து பாருங்கள். அது ஒழுங்காகத் திறந்தால் சில்லு தேய்ந்திருப்பது ஏறக்குறைய உறுதி. பாதிப்புக்குள்ளான வகைகளுக்கு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியிருக்கிறது. பெட்டியுடன் விற்ற ப்ராசஸர் என்றால் இன்டெல்லிடம் நேரடியாகக் கோரலாம். பெட்டியில்லாமல் ட்ரேயாக வந்தது என்றால் முதலில் விற்றவரிடம்தான் போக வேண்டும். ஆகவே உங்களுக்கு விற்றவரிடம் இன்றே முதல் ரசீதைக் கேட்டு வாங்கிவிடுங்கள், மூடியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களையும் குளிர்விப்பானைக் கழற்றும்போது ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.