பேட்ச் ஆலையில் பாத்திரத்தின் அளவை எது முடிவு செய்கிறது?

வேதிப் பொறியியல் இறுதியாண்டு மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பேட்ச் ஆலையை (சரக்கைத் தொடர்ந்து ஓட்டாமல் தவணை தவணையாக ஏற்றி இறக்கும் ஆலை) வடிவமைக்கும்போது பாத்திரத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டால் போதாதா? நேர அட்டவணையை உற்பத்திப் பிரிவு பிறகு போட்டுக்கொள்ளாதா?

போதாது. அட்டவணை கையில் இல்லாமல் கொள்ளளவையே முடிவு செய்ய முடியாது. நான் பத்தாங் பெர்சுந்தையில் வளர்ந்தவன். மலேசியாவில் 1917இல் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கம்தான். இப்போது ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறேன். அதனால் குலை வேகவைக்கும் ஸ்டெரிலைசரை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் மாதிரி ஆலையில் ஸ்டெரிலைசர் பேட்ச் முறையில் ஓடும். அதற்குப் பிறகு வரும், எண்ணெய் பிழியும் ஸ்க்ரூ பிரஸ் நிற்காமல் ஓடும். மணிக்கு 30 டன் குலை அரைக்க வேண்டும் என்று வையுங்கள். ஒரு பேட்சுக்கு நீராவி 90 நிமிடம். ஏற்ற, இறக்க, கதவு திறந்து மூட 30 நிமிடம். ஆக 2 மணி நேரம். 60 டன் பிடிக்கும் ஒரே பாத்திரம் போட்டாலும் கணக்கு சரியாக வரும், 20 டன் பாத்திரம் மூன்று போட்டாலும் வரும். காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான். ஆலையில் அப்படி இல்லை. ஒற்றைப் பாத்திரம் என்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 60 டன் வெந்த குலை மொத்தமாக வெளியே வரும். அது ஆறுவதற்குள் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும், காத்திருக்க இடமும் வேண்டும். மூன்று பாத்திரங்களை 40 நிமிட இடைவெளியில் தொடங்கினால் 40 நிமிடத்துக்கு 20 டன் வரும். பிரஸ் பசியில்லாமல் ஓடும்.

இதைவிட முக்கியம் நீராவி. குலைகளுக்கு நடுவே காற்று தங்கினால் சூடு உள்ளே இறங்காது. அதனால் அழுத்தத்தை ஏற்றி, திறந்துவிட்டு, மறுபடி ஏற்றி, மூன்றாவது முறை ஏறக்குறைய 3 பாரில், 140 டிகிரி அளவில் நிறுத்தி வேகவைப்பார்கள். அழுத்தம் ஏறும்போதுதான் நீராவி வெள்ளமாக ஓடும். நிறுத்திவைத்த பிறகு கொஞ்சம் போதும். இரண்டு பாத்திரங்கள் ஒரே நேரத்தில் ஏறினால் டர்பைனுக்குப் பின்னால் இருக்கும் நீராவிக் கலத்தின் அழுத்தம் விழும். பிரஸ்ஸுக்கு முன் பழத்தைச் சூட்டோடு மசிக்கும் டைஜெஸ்டரும் அங்கிருந்துதான் சூடு வாங்குகிறது. அது குளிர்ந்தால் எண்ணெய் நாரோடு போய்விடும். எங்கள் பாய்லர்மேன் அண்ணன் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் சொல்வது: “தம்பி, ரெண்டு பாத்திரத்துக்கும் ஒண்ணா ஸ்டீம் விடாதே.” 40 நிமிட இடைவெளியில் ஒன்றின் ஏற்றம் முடிந்த பிறகே அடுத்தது ஏறத் தொடங்கும். பாய்லர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் இந்த இடைவெளிதான் சொல்கிறது. அட்டவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர், தேவைக்கு மேல் பெரிய பாய்லரை வாங்குவார். அல்லது சிறியதை வாங்கிவிட்டு நாள்தோறும் அழுத்தத்தோடு போராடுவார்.

பாடத்தில் வரும் விதியும் இதுவே. கட்டத்துக்கு ஒரு பாத்திரம் என்றால், மிக நீண்ட கட்டம் எடுக்கும் நேரமே ஆலையின் சுழற்சி நேரம். அந்தக் கட்டத்தில் இணையாகப் பாத்திரங்களைச் சேர்த்து, தொடக்கத்தைத் தள்ளித் தள்ளி வைத்தால் சுழற்சி நேரம் குறையும். மருந்து, பெயின்ட், சோப்பு ஆலைகளுக்கும் இது பொருந்தும்.

உங்கள் திட்டப்பணிக்கு மென்பொருளைத் தொடுவதற்கு முன் வரைபடத் தாளில் ஒரு கான்ட் அட்டவணை, அதாவது எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கோடுகளால் காட்டும் படம், வரையுங்கள். பாத்திரத்துக்கு ஒரு வரி. அதோடு நீராவிக்கு ஒரு வரி, கேஜுக்கு (குலையை ஏற்றிப் பாத்திரத்துக்குள் தள்ளும் கூண்டு வண்டி) ஒரு வரி. கேஜை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அதில்தான் வருத்தம். 2.5 டன் கேஜ் என்றால் ஒரு பேட்சுக்கு 8. மூன்று பாத்திரங்களில் 24, கவிழ்க்கும் இடத்தில் 8, குலை ஏற்றும் இடத்தில் 8 என 40 கேஜ் வரை வேண்டும். அவை இல்லாமல் நான்காவது பாத்திரம் வாங்கினால் அது காலியாக நிற்கும்.

ஏற்றி இறக்குவதில் 10 நிமிடம் தாமதமானால் ஒவ்வொரு பாத்திரத்தின் சுழற்சியும் 130 நிமிடமாகும். மணிக்கு 30 டன் 27.7ஆக இறங்கும். பழம் மிகுந்து வரும் மாதங்களில் மணிக்கு அந்த 2.3 டன் ரேம்ப்பில், அதாவது லோரிகள் குலையைக் கொட்டும் சரிவு மேடையில், குவியும். அடிபட்ட பழத்தில் லைபேஸ் நொதி எண்ணெயை உடைத்துக்கொண்டே இருக்கும், எண்ணெயிலிருந்து பிரிந்த தனிக் கொழுப்பு அமிலம் ஏறும். 5 சதவீதத்தைத் தாண்டினால் விற்பனை ஒப்பந்தத்தில் அடி விழும். அந்த நொதியை நிறுத்துவதே ஸ்டெரிலைசரின் முதல் வேலை.

ஒரு பாத்திரம் பழுதான நாளுக்கும் தனியாக ஓர் அட்டவணை வரைந்து வையுங்கள். கதவு ரப்பர் போய்விட்டால் மீதி இரண்டும் 60 நிமிட இடைவெளியில் ஓடி மணிக்கு 20 டன்தான் தரும். அன்று காலையிலேயே தோட்டத்துக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் சொல்லி லோரிகளை மட்டுப்படுத்த வேண்டும்.