மூன்றாவது முறையாக அல்சர்: ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 46. நான்கு ஆண்டுகளில் மூன்றாவது முறையாக இரைப்பையில் புண். முதல் முறை கிருமி இருக்கிறது என்று 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். காரத்தை அறவே விட்டுவிட்டேன். மூட்டுவலிக்கு மட்டும் அவ்வப்போது மாத்திரை போடுவேன். எங்கே தவறு?

பதில்: காரம் எரிச்சலைக் கூட்டலாம், இந்தப் புண்ணை உண்டாக்காது. உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது ‘மூட்டுவலிக்கு மட்டும்’ என்ற வரிதான்.

இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பது சளிப் படலம். அதைச் சுரக்க வைக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற மூட்டுவலி மருந்துகள் குறைத்துவிடுகின்றன. ரத்தத்தில் கலந்தும் இதைச் செய்வதால் சாப்பிட்ட பிறகு போட்டாலும், ஊசியாகப் போட்டாலும் ஆபத்து தீராது. கூடவே ஸ்டீராய்டோ, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ எடுத்தால் ஆபத்து இன்னும் அதிகம். பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவராக இருந்தால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து, அந்தக் கிருமி. ஹெலிகோபாக்டர் பைலோரி போய்விட்டதா என்று யாராவது பரிசோதித்தார்களா? பலருக்கு இந்தப் படிதான் விட்டுப்போகிறது. வலி நின்றதைச் சான்றாக எடுக்க முடியாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையே வலியை அடக்கிவிடும். யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளை, மருத்துவர் அனுமதித்தால், 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது, கிருமி போன பிறகும் அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் நெடுநாள் தங்கும். கிருமி இன்னும் இருந்தால் பழைய மருந்துச் சீட்டையே திரும்ப வாங்காதீர்கள். முதல் முறை கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், அதற்குக் கிருமி பழகிப்போயிருக்கலாம். வேறு மருந்துக் கூட்டு தேவைப்படும்.

புகைபிடிப்பவரென்றால் புண் ஆறத் தாமதமாகும்.

இன்னொன்றும் உண்டு. இரைப்பைப் புண் சில சமயம் புற்றுநோயின் முகமாக இருக்கும். அதனால் 8 முதல் 12 வாரத்தில் மீண்டும் எண்டோஸ்கோபி செய்து, புண் ஆறியதா என்று பார்த்து, தேவையானால் திசு எடுத்துச் சோதிப்பார்கள். வலி இல்லையே என்று அதைத் தவிர்க்க வேண்டாம். தார்போல் கறுத்த மலம், ரத்த வாந்தி, காப்பித்தூள் போன்ற வாந்தி, இவற்றில் எது வந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.